கழுதையும் கத்தும், கடலும் கத்தும்... 'ஏன் கத்துற?' என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கா?

"ஏன் இப்போ கத்துற?"

"நான் கத்தல. பேசிட்டுதான் இருக்கேன்."

"இதோ... இதுக்குப் பேர் என்ன?"

இந்த மூன்று வரி நடக்காத வீடு தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான். சிலிண்டர் புக் பண்ணாததில் ஆரம்பித்த பேச்சாக இருக்கலாம், பையனின் மார்க் ஷீட்டில் ஆரம்பித்ததாகவும் இருக்கலாம். மூன்றாவது வரி வந்ததும் சிலிண்டரும் மார்க் ஷீட்டும் காணாமல் போய்விடும். அதுக்கப்புறம் சண்டை முழுக்க 'நீ கத்தினியா, இல்லையா' என்பதைப் பற்றித்தான்.

ஒரு சின்னச் சொல் பேச்சின் திசையையே மாற்றிவிடுகிறது. அப்படி என்ன இருக்கிறது 'கத்து' என்ற சொல்லில்? உரத்த குரலுக்குத் தமிழில் வேறு என்னென்ன பெயர்கள் உண்டு? யாருடைய குரலுக்கு எந்தப் பெயரை வைக்கிறோம்? விரிவாகப் பார்க்கலாம்.

'கத்து' என்றால் என்ன?

அன்றாடப் பேச்சில் 'கத்து' என்பது ஒரே பொருளில் வருவதில்லை. குறைந்தது நான்கு இடங்களில் அது வேறு வேறு வேலை செய்கிறது.

முதலாவது, விலங்கு, பறவைகளின் ஒலி. "ஆடு கத்துது", "தவளை கத்துது, மழை வரும்போல" என்பவை இந்த வகை. இதில் யாருக்கும் எந்தக் கோபமும் இல்லை.

இரண்டாவது, அழுகை. "குழந்தை கத்துது, போய்ப் பாரு" என்றால் குழந்தை யாரையும் திட்டுகிறது என்று பொருள் இல்லை. பசியோ, தூக்கமோ, எறும்பு கடித்ததோ, ஏதோ ஒன்று.

மூன்றாவது, கோபத்தில் குரல் உயர்வது. "மேனேஜர் காலையிலேயே கத்திட்டார்" என்பது இந்த வகை.

நான்காவது, வீண் பேச்சு. "நான் என்ன கத்தினாலும் இவன் காதில் ஏறாது", "அவன் பாட்டுக்குக் கத்திட்டு இருக்கான், விடு" என்று சொல்லும்போது குரல் உயரவே வேண்டியதில்லை. கேட்பாரற்ற பேச்சு எல்லாமே இங்கே 'கத்தல்' ஆகிவிடுகிறது.

இப்போது அலாரமும் கத்துகிறது, குக்கரும் கத்துகிறது, சார்ஜில் போட்ட போனும் கத்துகிறது. ஆக, இந்தச் சொல்லுக்கு அடிப்படையில் இருப்பது கோபம் இல்லை. 'சத்தம் வருகிறது, ஆனால் அதில் பேச்சு இல்லை' என்பதுதான் எல்லா இடத்திலும் பொதுவாக இருக்கிறது.

பழைய இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கெட்ட பெயர் கிடையாது. நாகப்பட்டினத்துச் சத்திரம் ஒன்றில் சாப்பாடு தாமதமானதைக் கேலி செய்து காளமேகப் புலவர் பாடிய பாட்டு பிரபலமானது. அதில் நாகையைச் சுற்றியிருக்கும் கடலை அவர் கத்தும் கடல் என்றே சொல்கிறார். அங்கே கேலி சத்திரத்துக்குத்தான், கடலுக்கு இல்லை. ஓயாமல் ஒலிப்பது கடலின் இயல்பு, அவ்வளவுதான்.

கத்தலா, கற்றலா?

பேச்சுத் தமிழில் 'கத்து' என்பதற்கு முற்றிலும் வேறொரு பொருளும் உண்டு. "நீச்சல் கத்துக்கிட்டேன்", "நல்லா கத்துக்கொடுப்பாங்க" என்கிறோம். இங்கே இருப்பது 'கற்று'.

எழுத்தில் 'ற்ற' என்று வருவது பேச்சில் 'த்த' ஆகிவிடும். நேற்று 'நேத்து' ஆகிறது. காற்று 'காத்து' ஆகிறது. ஆற்றுத் தண்ணீர் 'ஆத்துத் தண்ணி' ஆகிறது. அதே வழியில் 'கற்று' என்பதும் 'கத்து' ஆனது.

அனுபவம் இல்லாத புதியவரைக் 'கத்துக்குட்டி' என்பதும் இதிலிருந்து வந்ததுதான். அது கத்துகிற குட்டி இல்லை, கற்றுக்கொண்டிருக்கிற குட்டி. 'கற்றுக்குட்டி' என்பதே மூல வடிவம்.

இதனால்தான் ஒரு வாத்தியார், "கத்திக் கத்திக் கத்துக்கொடுத்தேன்" என்று சொன்னால் அந்த வாக்கியம் தமிழ் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. முதல் இரண்டும் தொண்டை சம்பந்தப்பட்டது, மூன்றாவது பாடம் சம்பந்தப்பட்டது.

காகம் கரையும், கழுதை கத்தும்: ஒலி மரபு

பள்ளியில் படித்தவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். காகம் கரையும். குயில் கூவும். மயில் அகவும். ஆந்தை அலறும். யானை பிளிறும். சிங்கம் முழங்கும். புலி உறுமும். குதிரை கனைக்கும். பசு கதறும். பாம்பு சீறும். வண்டு முரலும்.

ஆடும் கழுதையும் 'கத்தும்'.

எந்த உயிருக்கு எந்த ஒலிச்சொல் என்று முன்னோர் வழங்கி வந்தார்களோ, அதன்படியே வழங்குவதுதான் 'மரபு'. அதை மாற்றிச் சொன்னால் 'மரபு வழு'. இலக்கணம் சொல்லும் ஏழு வகை வழுக்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் பேச்சில் எல்லோரும் "காக்கா கத்துது" என்று சொன்னாலும் தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

காகத்துக்கு ஏன் தனிச்சொல்? காகத்தின் குரலை நம் இலக்கியம் வெறும் இரைச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை ஓர் அழைப்பாகவே கேட்டிருக்கிறது. கிடைத்த உணவை ஒளிக்காமல் இனத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடும் பறவை என்று காகத்தைத் திருக்குறளின் 527-வது குறள் காட்டுகிறது. அந்தக் குறள் இருப்பது சுற்றத்தாரை அரவணைப்பதைப் பற்றிய அதிகாரத்தில். விருந்து வரப்போவதைக் காகம் கரைந்து சொல்லும் என்ற நம்பிக்கை குறுந்தொகையின் 210-வது பாட்டில் வருகிறது. அதைப் பாடிய புலவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பல்லிக்கும் இதே கதைதான். பலன் பார்க்கிறவர்கள் "பல்லி கத்துச்சு" என்று சொல்வதில்லை, "பல்லி சொல்லுச்சு" என்பார்கள். அதாவது, அந்த ஒலியில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது என்று நம்பினால் அதற்கு மரியாதையான வினைச்சொல் கிடைக்கிறது. செய்தி இல்லை என்று முடிவு செய்துவிட்டால் 'கத்துது'.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது.

தலைவர் முழங்கினார், எதிராளி கொக்கரித்தார்

ஒலி மரபுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரசியல் செய்தித் தலைப்புகளைப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். விலங்குகளின் வினைச்சொற்கள் எல்லாம் மனிதர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

நமக்குப் பிடித்த தலைவர் மேடையில் குரலை உயர்த்தினால் 'முழங்கினார்', 'கர்ஜித்தார்'. அது சிங்கத்தின் சொல். பிடிக்காத தலைவர் அதே டெசிபலில் பேசினால் 'கொக்கரித்தார்', இன்னும் கோபம் இருந்தால் 'ஊளையிட்டார்'. ஒன்று கோழிக்கு உரியது, மற்றது நரிக்கு உரியது. பேச்சில் விஷம் இருந்ததாகக் காட்ட 'சீறினார்', மிரட்டல் தொனி இருந்தால் 'உறுமினார்'.

சட்டமன்றச் செய்திகளிலும் இது உண்டு. உறுப்பினர்கள் இருக்கையை விட்டு எழுந்து ஒரே நேரத்தில் குரல் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'முழக்கமிட்டனர்' என்று எழுதினால் அவர்களிடம் ஒரு கோரிக்கை இருப்பதாகப் பொருள். 'கூச்சலிட்டனர்' என்று எழுதினால் கோரிக்கை காணாமல் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. 'அமளி' என்றால் யார் என்ன கேட்டார்கள் என்பதே அடிபட்டுவிடும். நடந்தது ஒன்று, வாசகருக்குப் போய்ச் சேர்வது மூன்று.

சமூக வலைதளத்தில் 'கதறல்' பட்ட பாடு தனி. துக்கத்தில், வலியில் அடிவயிற்றிலிருந்து வரும் குரலுக்கான சொல் அது. இன்றைக்கு ரசிகர் சண்டைகளில் "கதறுறானுங்க", "இன்னும் கதறு" என்று எதிர்த்தரப்பைச் சீண்டப் பயன்படுகிறது. 'கூவு' என்பதும் இப்படித்தான் ஆனது. குயில் கூவினால் வசந்தம், கீரைக்காரம்மா கூவினால் வியாபாரம். ஆனால், ஒருவர் இணையத்தில் கூவுகிறார் என்றால் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்று பொருளாகிவிட்டது.

'சத்தம் போட்டார்' என்றால்?

'கத்து' என்பதன் நெருங்கிய சொந்தம் 'சத்தம்'. சமஸ்கிருதத்தின் 'சப்த' பிராகிருத மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்து 'சத்தம்' ஆனது. வந்த இடத்தில் அது நன்றாகவே வேர் பிடித்திருக்கிறது.

"அப்பா சத்தம் போடுவார்" என்றால் அப்பா திட்டுவார். இதில் அப்பா குரலை உயர்த்தாமலே சத்தம் போட முடியும் என்பதுதான் வேடிக்கை. பல வீடுகளில் அம்மா 'கத்துவாங்க', அப்பா 'சத்தம் போடுவார்'. செயல் ஒன்றுதான். ஆனால், 'சத்தம் போடுவது' கண்டிப்பாகவும், 'கத்துவது' நிதானம் இழந்ததாகவும் காதில் விழுகிறது.

"மெசேஜ் போட்டேன், சத்தத்தையே காணோம்" என்றால் பதில் இல்லை. "சத்தமில்லாமல் கல்யாணத்தை முடிச்சுட்டாங்க" என்றால் யாருக்கும் சொல்லவில்லை. "சத்தமில்லாமல் சாதித்தவர்" என்றால் பாராட்டு. "சத்தமில்லாமல் விலையை ஏற்றிவிட்டார்கள்" என்றால் குற்றச்சாட்டு. சென்னைப் பேச்சில் 'சவுண்டு விடாதே' என்றால், உன்னிடம் விஷயம் இல்லை, குரல் மட்டும்தான் இருக்கிறது என்ற எச்சரிக்கை.

'வண்டிச் சத்தம்' என்று ஒன்று உண்டு. மாட்டு வண்டி காலத்துப் பெரியவர்கள் வண்டி வாடகையை இப்படிச் சொல்வார்கள். அது கடகடவென்ற ஒலி இல்லை, கொடுக்க வேண்டிய கூலி.

கிறிஸ்தவத் தமிழிலும் 'சத்தம்' வேறு பொருளில் நிற்கிறது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் குரல் என்ற பொருளில் இந்தச் சொல் வருகிறது, கடவுளின் குரல் உட்பட. அங்கே 'சத்தம்' இரைச்சல் இல்லை, கேட்டுக் கீழ்ப்படிய வேண்டியது. அதேபோல, பள்ளிவாசலிலிருந்து உரத்த குரலில் வரும் தொழுகை அழைப்பைத் தமிழ் பேசுகிறவர்கள் 'பாங்கு சொல்றாங்க' என்பார்கள். எவ்வளவு உரக்க ஒலித்தாலும் அது 'சொல்வது'தான்.

ஊருக்கு ஊர் மாறும் கத்தல்

திட்டு வாங்கியதைச் சொல்லச் சென்னையில் "திட்டுனாங்க", மதுரை, கொங்குப் பக்கம் "வைதாங்க", நெல்லைப் பக்கம் "ஏசுனாங்க". குரலை உயர்த்திப் பேசுவதை "இரைஞ்சு பேசாதே" என்று சொல்கிறவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் "கத்தாதை" என்பார்கள். அம்மாவிடம் திட்டு வாங்கினால் "பேச்சு வாங்கினன்" என்பார்கள். வெறும் பேச்சு என்ற சொல்லே அங்கே திட்டு ஆகிவிடுகிறது.

'குழறு' என்ற சொல்லில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் 'நாக்கு குழறுது' என்றால் பேச்சு தெளிவாக வரவில்லை என்று பொருள். யாழ்ப்பாணத் தமிழில் 'குழறினா' என்றால் வாய்விட்டு அலறி அழுதாள் என்று பொருள். ஒரே சொல் ஒரு கரையில் குரல் தடுமாறுவதையும், மறுகரையில் குரல் வெடிப்பதையும் குறிக்கிறது. ஈழத்துக் கதைகளைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

உரக்கப் பேசுவது ஒரு காலத்தில் இலக்கணம்

உரத்த குரலுக்குத் தமிழில் எப்போதும் கெட்ட பெயர் இருந்ததில்லை. எட்டாம் வேற்றுமைக்குப் பெயரே 'விளி வேற்றுமை'. விளித்தல் என்றால் அழைத்தல். தொல்காப்பியம் இதற்காக 'விளிமரபு' என்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் ஓசை தன் அளவைத் தாண்டி நீளும் என்றும் அது சொல்கிறது. வயலின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவரை "மாமாஆஆ" என்று கூப்பிடுகிறோமே, அதற்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் கூப்பிடுவதற்கு அன்றாடச் சொல் 'விளி'தான்.

'கூப்பிடு தூரம்' என்ற வழக்கில் குரல் ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. மனிதக் குரல் எட்டுகிற தொலைவுதான் அந்தத் தூரம்.

மயில் 'அகவும்' என்று படித்தோம் இல்லையா? அந்த 'அகவல்'தான் ஆசிரியப்பாவுக்கு உரிய ஓசையின் பெயர். அகவுதல் என்றால் குரலெடுத்து அழைத்தல். சங்க இலக்கியத்தின் பெரும்பகுதி இந்தப் பாவில்தான் இருக்கிறது.

'பறை' என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் 'பறயுக' என்பது இன்றும் சாதாரணமாகப் பேசுவதைக் குறிக்கும். ஊருக்குச் செய்தி சொன்ன கருவியும் பறைதான். இன்றைய மேடைத் தமிழில் 'உலகுக்குப் பறைசாற்றினார்' என்பது பெருமையான தொடர்.

ஆனால், உண்மையில் தெருத்தெருவாகப் போய்ப் பறையடித்து, தொண்டை வறளச் செய்தி சொன்னவர்களுக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. அந்த வேலை குறிப்பிட்ட சமூகத்தினர் மீதே சுமத்தப்பட்டது. ஊரார் எல்லோருக்கும் கேட்க வேண்டிய குரல் அவர்களுடையது, ஊருக்குள் சமமாகப் பேச உரிமை இல்லாதவர்களும் அவர்களே. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் பழக்கத்தைக் கைவிடும்படி 2022 ஆகஸ்ட் மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அதில் சொல்லப்பட்ட மாற்று வழி.

'ஏன் சத்தம் போடல?'

'சத்தம் போடு' என்பதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. காவல் நிலையப் புகார்களிலும் சாட்சியங்களிலும் "நான் சத்தம் போட்டேன், அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தார்கள்" என்று வரும். இது திட்டுவதும் இல்லை, இரைச்சலும் இல்லை. உதவிக்கு அழைப்பது.

இந்தப் பொருள்தான் சில நேரம் ஒரு பெண்ணுக்கு எதிராகவே திரும்புகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் வீட்டிலும் தெருவிலும் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "நீ ஏன் சத்தம் போடல?" சத்தம் போடவில்லை என்றால் சம்மதம் என்று பொருளா?

இந்தக் கேள்வி இந்தியச் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. மகாராஷ்டிராவில் 1972-ல் காவல் நிலைய வளாகத்தில் ஒரு பழங்குடி இளம்பெண் இரண்டு காவலர்கள் மீது பாலியல் வன்முறைப் புகார் சொன்னார். உயர் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. ஆனால், 1978-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தப் பெண்ணின் உடலில் காயம் இல்லை என்பதும், அவர் கூச்சலிட்டதாகச் சொன்னதை நம்ப முடியாது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை.

இதை எதிர்த்து 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் போராடின. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்முறை வழக்கில், உடலுறவு நடந்தது நிரூபிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றது அந்தத் திருத்தம். 2013 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் சம்மதித்ததாகக் கருதக் கூடாது என்று விளக்கம் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவிலும் இந்த விளக்கம் இருக்கிறது.

கடும் பயத்தில் உடல் உறைந்து, குரல் வெளியே வராமல் போகலாம் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு இது முன்பே தெரியும். 'நா எழவில்லை', 'வாயடைச்சுப் போச்சு', 'கத்தணும்னு நினைச்சேன், குரலே வரல' என்ற வழக்குகள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. பாம்பைக் கண்டு வாயடைத்துப் போனவரிடம் யாரும் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்பதில்லை.

கத்துகிறவருக்கே ஏன் தெரிவதில்லை?

"நான் கத்தல" என்று சொல்கிறவர் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. இதற்கு அறிவியல் காரணங்கள் இருக்கின்றன.

பக்கத்தில் உட்கார்ந்து பேசும் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரல் உயரும். இதைப் பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார்ட் 1911-ல் பதிவு செய்தார். அவர் பெயராலேயே இது 'லொம்பார்ட் விளைவு' எனப்படுகிறது. மிக்ஸி ஓடும்போது அடுப்படியிலிருந்து வரும் பதிலும், ஓடும் பஸ்ஸில் போன் பேசுகிறவரின் குரலும் இந்த வகைதான். மிக்ஸியை நிறுத்தியவுடன் "ஏன் கத்துற" என்ற கேள்வி வருவதும் இதனால்தான்.

இன்னொன்று, குரலை உரக்க எழுப்பும்போது அதன் சுருதியும் கூடவே ஏறும். நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் கூடுவதும், குரல் நாண்கள் இறுகுவதும் இதற்குக் காரணம். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையும், பெண்ணின் குரல் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையும் இருக்கும். பெண்ணின் குரல் ஆரம்பத்திலேயே மேல் சுருதியில் இருக்கிறது. இருவரும் ஒரே அளவு குரலை உயர்த்தினாலும், அவருடையது 'கம்பீரம்' என்றும், இவருடையது 'கீச்சுக் கத்தல்' என்றும் பெயர் வாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. மீதிப் பங்கு கேட்கிறவரின் பழக்கத்துக்கு.

வகுப்பறையில் நாள் முழுக்கக் குரலெடுத்துப் பேசும் ஆசிரியர்களுக்குக் குரல் பிரச்சினைகள் அதிகம் வருவதும் அறியப்பட்டதே. தொடர்ந்து கத்தினால் குரல் நாண்களில் முடிச்சுகள் தோன்றலாம். குரல் கம்மிப்போய் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேலும் சரியாகவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

காது கேட்காத பெரியவர்களிடம் கத்தலாமா?

"பாட்டிக்குக் காது மந்தம், கொஞ்சம் கத்திச் சொல்லு." 'கத்து' என்ற சொல்லை நாம் கேட்டு வாங்கிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான். ஆனால், கத்துவது இங்கேயும் பெரிதாக உதவாது.

வயதினால் வரும் காது மந்தத்தில் முதலில் குறைவது மேல் சுருதி ஒலிகள். 'ச', 'ஸ', 'த' போன்ற மெய்யொலிகள் சரியாக விழாது, 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் விழும். அதனால்தான் "பேசுறது கேட்குது, என்னன்னு புரியலை" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாம் கத்தும்போது ஏற்கெனவே கேட்கும் உயிரொலிகள்தான் இன்னும் பெரிதாகின்றன. முகம் வேறு கோபமாகத் தெரிகிறது.

அதற்குப் பதில், டிவியை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசலாம். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பார்க்கலாம். காது பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி பொருத்துவது இன்னும் நல்லது. காது மந்தமானவர் சத்தமாகப் பேசுவதும் கோபத்தால் இல்லை, தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால்.

சுருக்கமாக...

குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதை டெசிபல் மீட்டர் சொல்லிவிடும். அதற்குக் கத்தல், முழக்கம், கூச்சல், கதறல், கூவல் என்று பெயர் வைப்பது கேட்கிறவர்கள். அந்தக் குரலில் ஒரு செய்தி இருப்பதாக நினைத்தால் 'கரைந்தது', 'சொன்னது', 'முழங்கினார்'. இல்லை என்று முடிவு செய்துவிட்டால் 'கத்துது', 'கத்துறா', 'கத்துறாங்க'.

காகம் கரைந்தால் யார் வரப்போகிறார்களோ என்று வாசலை எட்டிப் பார்க்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அடுத்த முறை "ஏன் கத்துற?" என்று வாய் வரைக்கும் வந்தால், "சரி, என்ன விஷயம் சொல்லு" என்று கேட்டுப் பார்க்கலாம். பல நேரம் அது அந்தச் சிலிண்டர் விஷயமாகத்தான் இருக்கும்.